பாட்டு யாருடையது? ரெகே மறுபாடல்களும் பதிப்புரிமை வழக்குகளும்

1983ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரைச் சேர்ந்த யூபி40 என்னும் இசைக்குழு ‘ரெட் ரெட் வைன்’ என்ற பாடலை ரெகே நடையில் பாடி வெளியிட்டது. அது பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. 1988இல் அமெரிக்காவிலும் முதலிடத்தை எட்டியது. அக்குழுவினர் கேட்டுப் பழகியிருந்தது, ஜமைக்கப் பாடகர் டோனி டிரைப் 1969இல் வெளியிட்ட பதிவு. இசைத்தட்டில் ஆசிரியர் பெயர் ‘என். டயமண்ட்’ என்று இருந்ததைக் கண்டபோதும், அவர் யாரோ ஒரு ஜமைக்கக் கலைஞர் என்றே தாங்கள் எண்ணியதாகப் பின்னாளில் அவர்கள் கூறியுள்ளனர். உண்மையில் அவர் அமெரிக்கப் பாடகர் நீல் டயமண்ட். அப்பாடலை அவர் 1967இலேயே வெளியிட்டிருந்தார்.

பாடியவர்கள் ஆசிரியரை அறிந்திருக்கவில்லை. ஆயினும் ஆசிரியருக்குரிய தொகை அவரைச் சென்றடைவதற்கு அந்த அறியாமை தடையாகவில்லை. தட்டின்மீது பெயர் சரியாக இருந்ததே அதற்குக் காரணம். ரெகே இசையின் வரலாற்றில் இதற்கு நேர்மாறான நிகழ்ச்சிகள் மிகுதி. பாடலை யார் ஆக்கினார் என்பதை ஊரே அறிந்திருக்கும். ஆனால் தட்டின்மீது வேறொருவர் பெயர் இருக்கும், அல்லது பெயரே இராது. இந்த இரு நிலைகளுக்கும் இடைப்பட்ட தொலைவில்தான் மறுபாடல் வழக்குகள் பலவும் எழுகின்றன. அவ்வழக்குகளை மொழியியல் பயின்ற ஒருவன் எவ்வாறு நோக்குவான் என்பதே இக்கட்டுரையின் பொருள். சட்ட நுணுக்கங்களைத் தேவையான அளவுக்கே தொட்டுச் செல்வோம்.

சொற்களின் வரையறை

முதலில் சில சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். ஒருவர் இயற்றி வெளியிட்ட பாடலை இன்னொருவர் தம் குரலிலும் தம் இசைக்கருவிகளோடும் மீண்டும் பாடிப் பதிவு செய்வதை ஆங்கிலத்தில் ‘கவர்’ என்பர். அதனை இங்கே ‘மறுபாடல்’ என்று குறிப்பிடுகிறேன். ‘காப்புரிமை’ என்ற சொல் கண்டுபிடிப்புகளுக்குரிய உரிமைக்கும் வழங்கப்படுவதால், நூல், பாடல் முதலியவற்றுக்குரிய உரிமையைப் ‘பதிப்புரிமை’ என்றே கூறுவோம்.

ஓர் இசைத்தட்டில் இரண்டு தனித்தனி உரிமைகள் அடங்கியுள்ளன. ஒன்று, பாடலுக்குரிய உரிமை. சொல்லும் மெட்டும் இதில் அடங்கும். இது இயற்றியவருக்கு உரியது. மற்றொன்று, ஒலிப்பதிவுக்குரிய உரிமை. அது பெரும்பாலும் பதிவு செய்து வெளியிட்டவரிடம் இருக்கும். மறுபாடல் பாடுபவர் புதிதாகப் பதிவு செய்வதால், அவருக்கு முதல்வகை உரிமைக்கான உரிமமே தேவை. பழைய பதிவின் ஒரு துண்டை அப்படியே எடுத்துப் பயன்படுத்துபவருக்கோ இரண்டு உரிமங்களும் தேவை.

மறுபாடலுக்குச் சட்டம் நெடுங்காலமாகவே வழிவிட்டு வந்துள்ளது. அமெரிக்கா 1909இல் இயற்றிய சட்டத்தின்படி, ஒரு பாடல் ஒருமுறை பதிவாகிவிட்டால் அதனைப் பிறரும் பதிவு செய்யலாம். படி ஒன்றுக்கு 2 சென்ட் ஆசிரியருக்குச் செலுத்தினால் போதும். இதற்குக் கட்டாய உரிமம் என்று பெயர். பிரிட்டனின் 1911ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. எனினும் இவ்வுரிமத்துக்கு ஓர் எல்லை உண்டு. இன்றைய அமெரிக்கச் சட்டம், பாடுபவர் தம் நடைக்கேற்ப இசையமைப்பை மாற்றிக்கொள்ள இடந்தருகிறது. அடிப்படை மெட்டையும் பாடலின் இயல்பையும் மாற்ற இடந்தருவதில்லை. அவ்வாறு மாற்றினால் அது தழுவல் ஆகிவிடும். தழுவலுக்கு ஆசிரியரின் இசைவு வேண்டும்.

ஒரு சொல்லை மாற்றினாலே பாடலின் பொருள் மாறிவிடக்கூடும் என்பதற்கு ரெகே இசையிலேயே ஒரு நல்ல சான்று உண்டு. மைட்டி டயமண்ட்ஸ் குழுவினர் ‘பாஸ் தி கௌச்சி’ என்றொரு பாடலை வெளியிட்டனர். கௌச்சி என்பது கஞ்சா புகைக்கும் குழாய். 1982இல் பர்மிங்ஹாமைச் சேர்ந்த சிறுவர்களின் குழுவாகிய மியூசிக்கல் யூத் அதனை ‘பாஸ் தி டச்சி’ என்று மாற்றிப் பாடியது. டச்சி என்பது ஜமைக்க வழக்கில் சமையல் பானை. பகிர்ந்து புகைத்த பாடல், பகிர்ந்து உண்ணும் பாடலாயிற்று; பிரிட்டனில் முதலிடமும் பெற்றது. இவ்விரு பாடல்களின் அடியிலும் ஓடும் இசையோ, இரண்டுக்கும் முன்பே, 1960களின் பிற்பகுதியில், ‘ஃபுல் அப்’ என்ற பெயரில் பாட்டில்லாத கருவியிசையாக வெளிவந்தது. ஆக ஒரே பாடலில் மூன்று படலங்கள். இங்கே மறுபாடல் எங்கே முடிகிறது, தழுவல் எங்கே தொடங்குகிறது? இவ்வினாவுக்கு விடை காண, ஜமைக்காவில் பாட்டு எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதை அறிய வேண்டும்.

ரிடிம்

ஆங்கிலத்தில் ‘ரிதம்’ என்பது பொதுவாகத் தாளத்தைக் குறிக்கும். ஜமைக்கக் கிரியோல் மொழியில், ஆங்கிலத்தின் அந்த இடையொலி டகரமாகி, அச்சொல் ‘ரிடிம்’ என்று ஒலிக்கிறது. ஒலி மட்டுமன்றிப் பொருளும் மாறிவிட்டது. ரிடிம் என்பது பொதுத் தாளமன்று. பாஸ் கிட்டாரின் இழையும் முரசின் அடியும் சேர்ந்த ஒரு குறிப்பிட்ட இசைத்தளம். அதற்குத் தனிப்பெயர் உண்டு. ‘ரியல் ராக்’, ‘ஸ்டாலக்’, ‘ஸ்லெங் டெங்’ என்று ஊரார் அதனைப் பெயர்சொல்லி அழைப்பர். ஒரே ரிடிமின்மீது பத்துப் பேர் பத்துப் பாடல்களைப் பாடுவர். ரியல் ராக் ரிடிமின்மீது எழுந்த பாடல்கள் நூற்றுக்கணக்கானவை. அவற்றுள் ஒன்றாகிய வில்லி வில்லியம்ஸின் ‘ஆர்மகிடியன் டைம்’ என்பதை இங்கிலாந்தின் தி கிளாஷ் குழு 1979இல் மறுபாடலாக்கியது.

இவ்வழக்கம் கிங்ஸ்டன் நகரின் ஒலிபெருக்கிக் குழுக்களிலிருந்து வளர்ந்தது. தெருவிலும் வெளியிலும் பெரும் ஒலிபெருக்கிகளை அடுக்கி மக்களை ஆடவைத்த இக்குழுக்களின் உரிமையாளர்களே பின்னர்ப் பதிவுக்கூடங்களை நிறுவினர். கிளமெண்ட் டாடின் ஸ்டூடியோ ஒன், டியூக் ரீடின் டிரெஷர் ஐல் ஆகியன அவற்றுள் தலையாயவை. 1960களின் பிற்பகுதியில், பாடகரின் குரலை நீக்கிவிட்டு இசைத்தளத்தை மட்டும் தட்டின் மறுபக்கத்தில் அச்சிடும் முறை பரவியது. அப்பக்கத்துக்கு ‘வெர்ஷன்’ என்று பெயர். ஆட்டக்களத்தில் அதனை ஒலிக்கவிட்டு, அதன்மீது பேச்சும் பாட்டுமாகச் சொல்லடுக்கிய கலைஞரை ‘டீஜே’ என்றனர். டீஜே யூ-ராய், தி பாரகான்ஸ் குழுவின் பழைய பதிவுகள்மீது தம் சொற்களை ஏற்றி 1970இல் பெரும்புகழ் பெற்றார். இக்கலையை எவரும் களவு எனக் கருதவில்லை. பழைய பதிவுக்கு மறுவாழ்வு தருவதாகவே கருதினர்.

இவ்விடத்தில் ஒன்றைக் கூறாது விடுவது நேர்மையாகாது. ஜமைக்கக் கலைஞர்கள் வாங்கிய கொடையும் பெரிது. தொடக்கத்திலிருந்தே அமெரிக்கப் பாடல்களைத் தம் நடையில் பாடிவந்தனர். கென் பூத் 1974இல் பிரிட்டனில் முதலிடம் பெற்ற ‘எவ்ரிதிங் ஐ ஓன்’ அமெரிக்கக் குழு ஒன்றின் பாடலே. எனவே இச்சிக்கலைக் கொள்ளையிட்டோர் ஒருபுறம், இழந்தோர் ஒருபுறம் என்று எளிதாகப் பிரித்துவிட இயலாது.

சட்டத்தின் மொழி

ஜமைக்கா 1962இல் விடுதலை பெற்றது. ஆயினும் பிரிட்டனின் 1911ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமே 1993 வரை அங்கு நடைமுறையில் இருந்தது. ஸ்கா, ராக்ஸ்டெடி, ரெகே, டான்ஸ்ஹால் ஆகிய இசை வகைகள் அனைத்தும் பிறந்து வளர்ந்த காலம் முழுவதையும் அந்தப் பழஞ்சட்டமே ஆண்டது.

அச்சட்டத்தின் சொல்லாட்சி ஊன்றி நோக்கத்தக்கது. ஒலிப்பதிவின் மூலத்தட்டு ஆக்கப்பட்டபோது அத்தட்டுக்கு உடைமையாளராக இருந்தவர் எவரோ, அவரே அப்பதிவின் ‘ஆசிரியர்’ ஆகக் கருதப்படுவார் என்று அது வகுத்தது. வாசித்தவரோ பாடியவரோ ஆசிரியர் அல்லர். தட்டுக்கு உடையவரே ஆசிரியர். சட்டத்துக்கு இது ஒரு வசதியான புனைவு. ஆனால் கிங்ஸ்டன் பதிவுக்கூடங்களில் அப்புனைவு பெரும் விளைவுகளை உண்டாக்கியது. பாஸ் கிட்டாரின் இழையை அங்கேயே சிந்தித்து வாசித்த கலைஞர் அன்றைய கூலியோ வாரக் கூலியோ பெற்று வீடு திரும்பினார். அவர் வாசித்த நாடா பதிவுக்கூட உரிமையாளரின் அலமாரியில் தங்கியது. முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அதன்மீது புதிய பாடல்கள் எழுந்துகொண்டிருந்தன.

இரண்டாவது இடர்ப்பாடு, சட்டத்தின் சொற்களஞ்சியத்தில் ரிடிமுக்கு இடமில்லாமை. பாடல் என்றால் சொல்லும் மெட்டும் என்பது ஐரோப்பியச் சட்டத்தின் புரிதல். இசைத்தாளில் மேலே எழுதப்படும் பாட்டு வரியே அதற்கு முதன்மையானது; அடியில் ஒலிக்கும் பாஸ் இழையும் முரசும் துணையானவை. ஜமைக்காவிலோ அடியில் ஒலிப்பதே நிலையானது. மேலே பாடப்படுவது மாறிக்கொண்டிருப்பது. ஒரு சமூகம் எதற்குப் பெயரிடுகிறதோ அதனை அச்சமூகம் ஒரு பொருளாகக் காண்கிறது என்பது மொழியியல் மாணவர்கள் அறிந்த பாடம். ஜமைக்கர் பெயரிட்டு வழங்கிய ஒன்றைச் சட்டம் பெயரற்றதாகவே விட்டுவிட்டது.

மூன்று பாடல்களின் வரலாறு

இவ்விரு இடர்ப்பாடுகளும் சேர்ந்து என்ன விளைத்தன என்பதை மூன்று பாடல்களின் வழியே காணலாம்.

முதலாவது, ‘பாம் பாம்’. 1966இல் ஜமைக்காவின் விழாப் பாடல் போட்டி முதன்முறையாக நடைபெற்றபோது, தி மேட்டல்ஸ் குழு இப்பெயருடைய பாடலால் பரிசு வென்றது. 1970களில் தயாரிப்பாளர் வின்ஸ்டன் ரைலி ‘ஸ்டாலக்’ ரிடிமை வெளியிட்டார். 1982இல் சிஸ்டர் நான்சி என்னும் இளம் பெண் டீஜே, மேட்டல்ஸ் பாடலின் பல்லவியை நினைவூட்டும் வகையில், அந்த ரிடிமின்மீது தம் சொந்தச் சொற்களைப் பாடினார். இதுவும் ‘பாம் பாம்’ என்றே பெயர் பெற்று உலகெங்கும் பரவியது. ஆயினும் பல்லாண்டுகள் தமக்கு உரிமைத்தொகை வரவில்லை என்று அவரே கூறியுள்ளார். அவர் அமெரிக்காவில் குடியேறி ஒரு வங்கியில் பணியாற்றிவந்தார். 2014இல் தொலைக்காட்சியில் ஒரு காலணி விளம்பரத்தில் தம் குரலையே கேட்ட பின்னர்தான் வழக்கறிஞரை நாடினார். பாடலின் உரிமையில் பாதியைப் பெற்றார். அதன்பின் 2016இல் கான்யே வெஸ்ட்டும் 2017இல் ஜே-ஸீயும் அப்பாடலைத் தம் பதிவுகளில் எடுத்தாண்டனர். பாடியபோது அவருக்கு வயது இருபதை ஒட்டியிருந்தது. உரிமை வந்தபோது ஐம்பதைக் கடந்துவிட்டது.

இரண்டாவது, ‘ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்’. விவிலியத்தின் 137ஆம் சங்கீதத்தைத் தழுவி, தி மெலோடியன்ஸ் குழுவின் பிரெண்ட் டோவும் டிரெவர் மெக்நாட்டனும் ஆக்கிய பாடல் இது, 1970இல் வெளிவந்தது. நாடு கடத்தப்பட்ட யூதர்களின் புலம்பலை, ஆப்பிரிக்காவிலிருந்து பெயர்க்கப்பட்ட தம் மக்களின் குரலாக ரஸ்தஃபாரி நெறியினர் கேட்டனர். 1978இல் ஜெர்மனியில் உருவான போனி எம் குழு இதனைப் பாடி ஐரோப்பா முழுவதும் விற்றது. பின்வந்த பதிப்புகளில் ஆசிரியர் வரிசையில் அக்குழுவின் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியனின் பெயரும் சேர்ந்தது. சங்கீதம் எவருக்கும் உடைமையன்று. ஆனால் அதனைச் சுருக்கி, சொல் மாற்றி, மெட்டில் அமைத்த உழைப்பு சிலருக்கு உரியது. ஆசிரியர் வரிசையில் ஒரு பெயர் கூடினால், வருவாயில் ஒரு பங்கு கூடுகிறது.

மூன்றாவது, பாப் மார்லி 1974இல் வெளியிட்ட ‘நோ உமன் நோ கிரை’. அதன் ஆசிரியராகப் பதிவானவர், கிங்ஸ்டனின் டிரெஞ்ச்டவுன் பகுதியில் ஏழைகளுக்கு உணவளித்துவந்த அவர் நண்பர் வின்சென்ட் ஃபோர்ட். மார்லி முன்னதாக ஒரு வெளியீட்டு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்திருந்தார். தாம் இயற்றுபவை அந்நிறுவனத்துக்குச் சேர்வதைத் தவிர்ப்பதற்காகப் பாடல்கள் பிறர் பெயரில் பதியப்பட்டன என்பது பின்னாளில் நீதிமன்றத்தில் எழுந்த வாதம். இப்பாடல் உட்பட 13 பாடல்கள் குறித்த வழக்கு லண்டன் உயர்நீதிமன்றத்தில் 2014இலும், மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 2015இலும் முடிவாயிற்று. 1992இல் கைமாறிய உரிமைத் தொகுதியில் இப்பாடல்களும் அடங்கும் என்று தீர்ப்பாயிற்று. அந்தப் பழைய நிறுவனத்தின் வழியே உரிமை கோரியவர்கள் தோற்றனர். எழுதியவர் மறைந்து முப்பதாண்டுகளுக்குப் பின்னும் ‘எழுதியவர் யார்’ என்ற கேள்வி உயிரோடிருந்தது. இப்பாடலை மறுபாடலாகப் பாடும் ஒவ்வொரு குழுவும் செலுத்தும் தொகை, அக்கேள்விக்கான விடையைப் பொறுத்தே வழி பிரிகிறது.

தாளத்துக்கு உரிமை உண்டா?

1985இல் வெளிவந்த ‘ஸ்லெங் டெங்’, காசியோ நிறுவனத்தின் சிறிய மின்விசைப்பலகை ஒன்றில் முன்கூட்டியே பதிந்து வைக்கப்பட்டிருந்த தாளத்திலிருந்து பிறந்தது. அத்தாளத்தை அமைத்தவர் ஒகுடா ஹிரோகோ என்னும் ஜப்பானியப் பெண்மணி. அதன்மீது எழுந்த பாடல்களுக்கு எதிராகக் காசியோ வழக்குத் தொடுக்கவில்லை. ஜமைக்க இசை கணினி யுகத்துள் புகுந்த வாயில் அதுவே எனலாம்.

இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது இன்னொரு வழக்கு. ஸ்டீலி, கிளீவி என்ற இணையர் 1989இல் ‘ஃபிஷ் மார்க்கெட்’ என்ற கருவியிசையை வெளியிட்டனர். அதிலுள்ள தாள அமைப்பே இன்று ஸ்பானிய மொழியில் பாடப்படும் ரெகேடோன் இசையின் அடித்தளமாயிற்று என்று கூறி, கிளீவியும் மறைந்த ஸ்டீலியின் மரபுரிமையாளர்களும் 2021இல் கலிஃபோர்னியாவில் வழக்குத் தொடுத்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் வழக்கில் சேர்க்கப்பட்டன. வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யவேண்டும் என்ற கோரிக்கையை 2024இல் நீதிமன்றம் ஏற்கவில்லை. சட்டத்தின் மொழியில் இதுவரை பெயரில்லாதிருந்த ரிடிம், முதன்முறையாக இத்துணைப் பெரிய அளவில் பெயர் கேட்டு வாயிலில் நிற்கிறது.

அவ்வாயில் முழுதும் திறக்கப்படவேண்டுமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. தாளம் தனியுடைமையானால், யூ-ராயும் சிஸ்டர் நான்சியும் போன்ற இளையோர் வாய் திறக்குமுன் உரிமம் தேடவேண்டிவரும். ரெகே மரபை வளர்த்த பகிர்வே நின்றுவிடும். தாளத்துக்கு எவ்வகை உரிமையும் இல்லையெனில், அதனை ஆக்கியவர் கூலியோடு மறக்கப்படுவார். ஆயினும் மேற்கண்ட வரலாறுகளை மீண்டும் நோக்கினால் ஒன்று புலனாகும். கலைஞர்களை வறுமையில் விட்டது பகிர்வு அன்று. பகிரும்போது பெயரை விட்டுவிட்டதே. பெயர் சரியாக இருந்த இடங்களில் மறுபாடல் ஆசிரியருக்கு நன்மையே செய்துள்ளது. லார்ட் கிரியேட்டர் 1970இல் பாடிய ‘கிங்ஸ்டன் டவுன்’ பாடலை யூபி40 குழு 1989இல் மீண்டும் பாடியது. நலிந்த நிலையிலிருந்த முதியவருக்கு அதன் உரிமைத்தொகை வாழ்வளித்தது. ஜான் ஹோல்ட் இயற்றிய ‘தி டைட் இஸ் ஹை’ 1980இல் பிளாண்டி குழுவாலும், 2002இல் அட்டாமிக் கிட்டன் குழுவாலும் பாடப்பட்டு, இருமுறையும் பிரிட்டனில் முதலிடம் பெற்றது. ஆசிரியர் பெயர் அவரோடே நின்றது.

ஜமைக்காவும் இதனை உணர்ந்தே செயற்பட்டது. 1993இல் தனக்கெனச் சட்டம் இயற்றியது. 1994இல் பெர்ன் உடன்படிக்கையில் இணைந்தது. 1998இல் இயற்றுநர்களுக்கான உரிமைத்தொகைச் சங்கம் அங்கே உருவாயிற்று. 2018இல் யுனெஸ்கோ ரெகேயை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டது.

மெட்டும் பெயரும்

பழைய மெட்டில் புதிய சொற்களை அமைப்பது தமிழர்க்குப் புதிதன்று. சிந்து, கும்மி, பக்திப் பாடல் எனச் சென்ற நூற்றாண்டில் அச்சான சிறு பாட்டுப் புத்தகங்களைப் புரட்டினால், பாட்டின் தலைப்பில் ‘இன்ன பாட்டின் மெட்டு’ என்றோ ‘வர்ணமெட்டு’ என்றோ ஒரு குறிப்பு இருப்பதைக் காணலாம். பாடுபவருக்கு மெட்டை நினைவூட்டுவதே அதன் நோக்கம். உரிமைத்தொகை எவர் எண்ணத்திலும் இருந்திராது. ஆயினும் அந்தச் சிறு குறிப்பு ஒரு கடனை ஒப்புக்கொண்டது. பகிர்வும் பெயரிடலும் ஒன்றாக நிற்க இயலும் என்பதற்கு அது சான்று.

நம் சிங்கப்பூரில் 2021ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரு படைப்பைப் பொதுவில் பயன்படுத்துவோர் ஆக்கியவரின் பெயரையும் நிகழ்த்தியவரின் பெயரையும் குறிப்பிடவேண்டும் என்ற உரிமையை அது கலைஞர்களுக்கு வழங்கியுள்ளது. பள்ளி ஆண்டுவிழாவிலும் சமூக மன்ற மேடையிலும் பழைய பாடல்களைப் பாடும் நம் இளையோர், பாடகர் பெயரை அறிவித்து அமைந்துவிடுவதே வழக்கம். எழுதியவர் யார், இசை அமைத்தவர் யார், முதலில் பாடியவர் யார் என்ற மூன்று பெயர்களையும் தேடியறிந்து நிகழ்ச்சிநிரலில் அச்சிடுவதை ஒரு பழக்கமாக்கிக்கொள்ளலாம். இதற்குச் செலவு ஏதுமில்லை. உரிமத்துக்கும் தொகைக்கும் தனிவழிகள் உண்டு. இங்கே காம்பஸ் என்னும் இயற்றுநர் சங்கம் அவற்றைக் கவனிக்கிறது. ஆனால் பெயர் இல்லாவிடில் அந்தத் தொகைக்கும் சென்று சேர வழியில்லை.

தொல்காப்பியர் பெயரையும் வினையையும் சொல்லின் இரு தலையாய வகைகளாக வைத்தார். பாடுவது வினை. வினை முடிந்ததும் காற்றோடு போய்விடும், எஞ்சுவது பெயர். சிஸ்டர் நான்சி முப்பதாண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தது அதற்காகவே.